தலை எந்தப் பக்கம் ஆடியது

பிப்ரவரி 11, செவ்வாய்

இறைச்சி தொடாத என் அறைத்தோழி தாம்தா இன்று மதியமும் பட்டினி. பீன்ஸ் சூப்பில் இறைச்சி இருக்கிறதா என்று உணவுக்கூடத்து ஸ்தான்கா அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அவர் தலையை மேலும் கீழும் அசைத்திருக்கிறார். இவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஜார்ஜியாவில் பிறந்தவளுக்கு அந்த அசைவு ‘ஆமாம், இருக்கு’. எங்கள் பல்கேரியத் தலைக்கு அது ‘இல்லை’. சூப்பில் ஒரு துண்டு இறைச்சி கிடையாது. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

“அடியே, இங்க வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. மேல கீழ ஆட்டினா இல்ல, பக்கவாட்டுல ஆட்டினா ஆமா. இதுகூடவா மண்டைல ஏறல?” என்றேன்.

“ஏறிச்சு. ஆனா உங்காளுங்க பாதிப் பேரு எங்கள மாதிரி ஆட்டறாங்க, பாதிப் பேரு உங்கள மாதிரி ஆட்டறாங்க. நேத்து துணி காயப்போட்டியான்னு கேட்டப்ப நீ எப்படி ஆட்டின, சொல்லு பாப்போம்?”

எப்படி ஆட்டினேன்? என் கழுத்துமேல் இருக்கும் தலை, எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 12

இந்த விடுதிப் பள்ளியில் இருநூற்றுப் பத்துப் பேர், முப்பத்தொரு நாடு. பல்கேரியர்கள், என்னையும் ஆசிரியர்களையும் சமையல்காரர்களையும் சேர்த்து, நாற்பத்து மூன்று. இந்த நாற்பத்து மூன்று தலைகளும் எப்போது நம் பக்கம் ஆடுகின்றன, எப்போது அவர்கள் பக்கம்? யாராவது எண்ணிப் பார்த்திருப்பார்களா? யாரும் இல்லையென்றால் ஏன் இல்லை?

ஏப்ரலில் நடக்கும் ஆய்வு நாள் போட்டிக்கு நான் கொடுத்திருந்த தலைப்பு ‘விதின் நகரில் டான்யூப் நதியின் நீர்மட்டம்’. எனக்கே தூக்கம் வருகிற தலைப்பு. மாற்றப் போகிறேன்.

முதலிடம் வருபவரை ஜூலையில் லியுப்லியானா நகரத்துக்கு அனுப்புவார்கள். இரண்டு வாரம், பல்கலைக்கழகத்தில், நிஜமான ஆராய்ச்சியாளர்களோடு. எனக்குப் போக வேண்டும். ஆசையை மென்று விழுங்கிக்கொண்டு நடிக்க எனக்கு வராது — போயே ஆக வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

கான்ச்சேவா மிஸ்ஸிடம் சொன்னேன். உயிரியலும் அவர்தான், எல்லோருடைய ஆய்வுக் கட்டுரைகளுக்கும் பொறுப்பும் அவர்தான். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“மனுஷங்களப் பத்தின ஆராய்ச்சின்னா ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெழுத்து வாங்கணும், நெவெனா.”

“முதல்லயே வாங்கினா அத்தன பேரும் தலைய ஆணியடிச்ச மாதிரி வச்சுக்குவாங்க மிஸ். அப்புறம் நான் எதை எண்றது?”

கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். “சரி. எண்ணி முடிச்சதும் வாங்கு. மாட்டேன்னு சொல்றவங்க பக்கத்தக் கிழிச்சுப் போட்டுடணும். அதுவரைக்கும் அந்த நோட்டு உன் கையைத் தாண்டிப் போகக் கூடாது. கையெழுத்து இல்லாம வேற ஒருத்தர் அதைப் படிச்சாலும் உன் ஆய்வு அன்னிக்கே காலி. புரிஞ்சுதா?”

தலையாட்டினேன். எந்தப் பக்கம் என்று இப்போதும் தெரியவில்லை! என் தலையை எண்ண என்னால் முடியாதுபோல.

பிப்ரவரி 17

நோட்டில் ஐந்து கட்டம். யார், எந்த மொழியில் கேட்டார்கள், அதற்கு முந்தைய பேச்சு எந்த மொழியில் இருந்தது, தலை எப்படி ஆடியது, அதன் பிறகு கை என்ன செய்தது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். தலையை மட்டும் எழுதினால் அது ஆமாமா இல்லையா என்று எப்படித் தெரியும்? ரொட்டி வேண்டுமா என்று கேட்டபின் கை ரொட்டியை எடுத்ததா, விட்டதா? அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

பிப்ரவரி 20

யாவோர் என் தங்கச் சுரங்கம். லோம் பக்கத்துக் கிராமத்துப் பையன், தேனீ வளர்க்கிறவர் மகன், முழு ஸ்காலர்ஷிப்பில் படிக்கிறான். வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும். மற்ற எல்லாவற்றுக்கும் தலை. ‘ஜன்னல மூடட்டுமா?’ தலை. ‘வீட்டுப்பாடம் முடிச்சிட்டியா?’ தலை. ஒரு மதிய உணவில் அவனிடமிருந்து மட்டும் ஒன்பது குறிப்பு எடுத்தேன்.

“என்னடி, எப்பப் பாரு யாவோரையே பாத்துட்டிருக்க?” என்று தாம்தா கண்ணடித்தாள்.

“ஆராய்ச்சிடி.”

“எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு.”

பிப்ரவரி 24

இன்று மட்டும் முப்பத்தொன்று.

பிப்ரவரி 27

கான்ச்சேவா மிஸ் தாழ்வாரத்தில் தொலைபேசியில் யாரோ ஒரு ருமேனிய அப்பாவிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். “எஸ், எஸ்” என்று சொல்லும்போது தலை மேலும் கீழும். அப்படியே திரும்பிக் காவலாளியிடம் பல்கேரியனில் “ஆமாம், கேட்டைத் திற” என்றார், தலை பக்கவாட்டில். ஒரே மூச்சில், ஒரே கழுத்து! அதிருக்கட்டும், தொலைபேசியில் பேசும்போது தலை யாருக்காக ஆடுகிறது? அந்த ருமேனியர் பார்க்கவா போகிறார்?

சிலருக்குத் தலை உடனே மாறுகிறது. சிலருக்கு மொழி மாறி ஒரு கேள்வி கழிந்துதான் தலை மாறுகிறது. ஏன்?

மார்ச் 1, சனி

மார்த்தெனிட்சா நாள், வசந்தத்தை வரவேற்று நூல் கட்டுகிற நாள். முப்பத்தொரு நாட்டுக் கைகளிலும் சிவப்பு வெள்ளை நூல். மன்ரோ சாருக்கு மூன்று. துணைத் தலைமையாசிரியர், எங்கள் ஆங்கில ஆசிரியர், ஸ்காட்லாந்துக்காரர். பதினோரு வருஷமாக இங்கேதான் இருக்கிறார், அதனால் அவர் தலைக்கும் நோட்டில் ஒரு பக்கம். முதல் நாரை கண்ணில் படும்வரை நூலை அவிழ்க்கவே மாட்டார், குளிக்கும்போதுகூட. ஆனால் பல்கேரியன் மட்டும் கீழே ட்ரியாவ்னா சந்தையில் தக்காளி வாங்கும் அளவுக்குத்தான் வரும். அதற்குமேல் போனால் எல்லோரும் அவரிடம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறோம், பாவம்.

யாவோரின் கணக்கை இன்று முடித்தேன்: பல்கேரியனில் கேட்ட கேள்விகள் முப்பத்தெட்டு. முப்பத்தேழில் நம் வழி. ஆங்கிலத்தில் கேட்டவை ஐம்பத்திரண்டு. நாற்பத்தேழில் அவர்கள் வழி. அதாவது ஆங்கிலம் காதில் விழுந்ததும் அவன் தலை வெளிநாட்டுத் தலையாகிவிடுகிறது! எவ்வளவு அழகாக இருக்கிறது இந்தக் கணக்கு. யாரிடமாவது சொல்லாமல் வெடித்துவிடுவேன் போலிருக்கிறது. சொல்லக் கூடாது.

மார்ச் 11, செவ்வாய்

யாவோரை விசாரணைக் குழு கூப்பிட்டிருக்கிறது. அவனுடைய தேனீக் கட்டுரையைப் பற்றியாம். சாப்பிட வரவில்லை.

மார்ச் 12

எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும்.

அவனை அனுப்புகிறார்கள். கட்டுரையில் பதினான்கிலிருந்து பதினேழு வரை உள்ள பக்கங்களை வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று மன்ரோ சாருக்குச் சந்தேகம். கேள்விக்கு மூன்று வார்த்தைக்குமேல் பேசாதவன் இப்படி ஆங்கிலம் எழுதுவானா என்று. “இதை வேறு யாராவது எழுதித் தந்தார்களா?” என்று நேற்று கேட்டிருக்கிறார்கள். கூட்டக் குறிப்பில் ஒரே வரி: மாணவர் தலையசைத்து ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான். ஒப்புக்கொண்டாயிற்று, அதனால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுகூடக் கிடையாது. ஸ்காலர்ஷிப் ரத்து. சனிக்கிழமை அவன் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போகிறார். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது!

பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்றே கத்தினேன். “நீ என்னடா சொன்ன?”

“இல்லைன்னு.”

“வாயாலயா?”

இன்னொரு சட்டையை மடித்தான்.

“டேய், வாயால சொன்னியா தலையாலயா?”

“தலையால.”

“அப்புறமாவது வாயத் திறந்து சொல்லித் தொலைச்சியா இல்லையா?”

“லெட்டர் எழுதிக் கொடுத்தேன். ஒத்துக்கிட்டுட்டு இப்ப மாத்திப் பேசறேன்னாங்க.” ஒரு சட்டைக்குப் பிறகு, “ஒரு தடவ சொல்லியாச்சு. திரும்பத் திரும்பச் சொல்ல நான் என்ன பொய்யா சொல்றேன்?”

அவனை உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு பக்கம் குதித்தது. இது என் விஷயம்! நம் தலையை ஸ்காட்லாந்துக்காரர் தப்பாகப் படித்துவிட்டார்! நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேசையில் போட்டால் முடிந்தது.

அறைக்கு வந்து பிரித்தேன். பிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மன்ரோ சார் ஆங்கிலத்தில் கேட்டிருப்பார். ஆங்கிலத்தில் கேட்டால் யாவோரின் தலை? ஐம்பத்திரண்டில் நாற்பத்தேழு. மேலும் கீழும் என்றால் ஆமாம்.

நான் எண்ணிய எண்களே அவன் ஒப்புக்கொண்டான் என்கின்றன.

மார்ச் 12, சாயங்காலம்

மன்ரோ சாரை வகுப்பு முடிந்ததும் பிடித்தேன். பல்கேரியர்கள் தலையாட்டுவது பற்றி அவருக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். முகம் சிவந்துவிட்டது.

“பதினோரு வருஷமா இங்க இருக்கேன் நெவெனா. வந்த முதல் வாரமே அதுல மாட்டிக்கிட்டவன் நான். எனக்குத் தெரியாதா? அந்தப் பையன் ரெண்டு வருஷமா என்கிட்ட இங்கிலீஷ்ல பேசறான். என்கிட்ட எப்பவும் எங்க வழியிலதான் ஆட்டுவான். எனக்கும் சந்தோஷமா இல்ல.”

உண்மை. அவர் சொல்வது என் நோட்டில் இருப்பதுதான். நோட்டே பார்க்காமல் சரியாகச் சொல்கிறார்.

அப்படியென்றால் யாவோர்? எழுதவே கை வரவில்லை. ஆனால் இது என் நாட்குறிப்பு, இதிலும் நடித்தால் எப்படி? — எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவன் வேறு யாரிடமாவது எழுதி வாங்கியிருப்பானோ? அந்தப் பதினைந்தாம் பக்கத்தை நான் படித்திருக்கிறேன். தேனீக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து பறப்பதற்கு முன் பெட்டிக்குள் சத்தம் எப்படி மெல்ல மெல்ல ஏறுகிறது என்று. படித்துவிட்டு அரை மணி நேரம் வேறு எதுவும் படிக்கப் பிடிக்கவில்லை எனக்கு. அதை இவனா எழுதினான்?

மார்ச் 13, வியாழன்

கேட்டே விட்டேன். காலை உணவு முடிந்து மணி அடிப்பதற்குள், படிக்கட்டில்.

“அந்த நாலு பக்கத்த நீதான் எழுதினியா?”

என்னையே பார்த்தான். தலை அசையவில்லை. “நீயுமா?” என்றான். செத்துப் போகலாம்போல் இருந்தது.

“எதையும் நேரா கேட்டாத்தான்டா எனக்கு ஆகும். என் குணம் அப்படி. சொல்லு.”

பிறகு பேசினான். யாவோர் பேசினான்! முதலில் பல்கேரியனில் எழுதினானாம். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு தரம். அந்த நாலு பக்கத்துக்கு ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆயிற்றாம்.

“அந்தப் பழைய தாளெல்லாம் எங்கடா? அதைக் காட்டினாப் போதுமே!”

“அப்பா புகை போட எடுத்துட்டாரு.”

“எதுக்குப் புகை?”

“தேனீக்கு. பெட்டியத் தொறக்கறதுக்கு முன்னாடி புகை போடணும்ல? காகிதம் நல்லாப் புகையும்.”

சிரிப்பதா அழுவதா? இருந்த ஒரே சாட்சியைத் தேனீக்களே மோந்துவிட்டன.

அப்போதுதான் தோன்றியது. நான் எண்ணும்போதெல்லாம் கேட்கிற கேள்விகளை இவனிடம் கேட்கவே இல்லையே? யார் கேட்டார்கள்? எந்த மொழியில்? முந்தைய பேச்சு எந்த மொழியில்?

“மன்ரோ சார் கேட்டாரு. இங்கிலீஷ்ல.”

“உடனே தலையாட்டினியா?”

“இல்ல. சும்மா இருந்தேன். அப்புறம் கான்ச்சேவா மிஸ் மெதுவாக் கேட்டாங்க. ‘சொல்லுப்பா, வேற யாராவது எழுதினாங்களா?’ன்னு. அதுக்குத்தான் மேல கீழ ஆட்டினேன்.”

“பல்கேரியன்லயா?”

தலையைப் பக்கவாட்டில் ஆட்டினான். ஆமாம்.

படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவினேன். கான்ச்சேவா மிஸ் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். முகம் வாடிக்கிடந்தது, தான் வழிநடத்திய பையன் தன்னையே ஏமாற்றிவிட்டான் என்று அவருக்கு.

“மிஸ், யாவோர் தலையாட்டினத நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“என்ன கேள்வி இது? அவன் ஒத்துக்கிட்டானே.”

“நீங்க பாத்தீங்களா மிஸ்?”

குழாயை மூடினார். “நான் பதினாலாம் பக்கத்தப் பாத்துட்டிருந்தேன். நிமிர்றதுக்குள்ள ‘தலையாட்டிட்டான்’னு மன்ரோ சொன்னாரு. எழுதிக்கிட்டாரு.”

கேள்வி கேட்டவர் தலையைப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்தவருக்குக் கேள்வி புரியவில்லை. மிஸ் அப்படியே ஈரக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். “ஐயோ, நான் அவன் முகத்தப் பாக்காம இருந்துட்டேனே,” என்றார்.

மார்ச் 13, மாலை

நாளை நான்கு மணிக்குக் குழு மறுபடி உட்காரும், மிஸ் கேட்டுக்கொண்டதால். ஆனால் மன்ரோ சார் சொல்லியிருக்கிறாராம்: பல்கேரியனில் கேட்டதால் தலை மாறியது என்பது வெறும் வாதம், இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு நொடியில் தலை மாறுமா? ஆதாரம் இருந்தால் பார்க்கலாம்.

ஆதாரம் என் மெத்தைக்கடியில் இருக்கிறது. யாவோர் தன் பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஒரு பக்கம் போதாதா?

“அந்த இங்கிலீஷ் பக்கத்தக் கிழிச்சிடு,” என்றாள் தாம்தா. “பல்கேரியன் பக்கத்த மட்டும் காட்டு. அந்த நாப்பத்தேழு யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

“நீ வாயத் திறக்காம இருந்தா போதும்டி, அந்தப் பையன் இங்க இருப்பான்.”

அவள் சொல்வதில் என்ன தப்பு? பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கிழிக்கவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. நான்கு வாரம் எண்ணியதைக் கிழிக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 14, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

குழுவில் மூன்று பேர். மன்ரோ சார், கான்ச்சேவா மிஸ், வாயே திறக்காத ஒரு கணித ஆசிரியர். யாவோர் மூலையில். யாவோரின் பக்கங்களை மட்டும் நீட்டினேன். மன்ரோ சார் வாங்கவில்லை.

“ஒரு பையனப் பத்தின ரெண்டு பக்கம். இத நேத்து உக்காந்து எழுதினதில்லன்னு எனக்கு எப்படித் தெரியும்? முழு நோட்டு இருக்கா?”

கான்ச்சேவா மிஸ் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மதியத்துக்குள் ஓடி ஓடிப் பதினொரு கையெழுத்துதான் வாங்க முடிந்திருந்தது. மீதி முப்பத்திரண்டு பேருடைய தலைகள் அந்த நோட்டில் இருக்கின்றன, மிஸ்ஸுடையதும் சேர்த்து. லியுப்லியானா. இரண்டு வாரம்.

நோட்டை மேசைமேல் வைத்தேன்.

மன்ரோ சார் கால் மணி நேரம் படித்தார். ஒரு இடத்தில் சிரித்துவிட்டார். ஸ்தான்கா அம்மா பக்கம் என்று நினைக்கிறேன். பிறகு யாவோரின் இங்கிலீஷ் பக்கத்துக்கு வந்தார்.

“நாற்பத்தேழு. அப்படின்னா நான் சொன்னது சரிதானே?”

“சரிதான் சார். நீங்க கேட்ட கேள்விக்கு அவன் மேல கீழ ஆட்டியிருந்தா அது ஆமாதான். ஆனா அவன் உங்களுக்குப் பதில் சொல்லல.”

“இதையும் ஏன் காட்டற? உன் நண்பனுக்கு எதிரா இருக்கே.”

“எண்ணினது சார். எதிரா இருந்தா என்ன பண்றது?”

நோட்டில் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். மணிக்கட்டில் நூலைத் திருகிக்கொண்டே, “இங்கிலீஷ்ல பேசிட்டிருக்கும்போது திடீர்னு பல்கேரியன்ல கேட்டா? அது எத்தன தடவ?” என்றார்.

“ஒன்பது தடவ.”

“ஒன்பதுலயும் உடனே மாறிச்சா?”

ஒன்பது என்று சொல்ல நாக்கு துடித்தது. “எட்டு சார். ஒரு தடவ மாறல.”

இதைச் சொல்லிக் கெடுத்துவிட்டேனோ? மன்ரோ சார் கூட்டக் குறிப்பை எடுத்தார். “நீங்க அந்த நேரத்துல அவன்கிட்ட என்ன கேட்டீங்க?” என்று கான்ச்சேவா மிஸ்ஸைக் கேட்டார். மிஸ் சொன்னார். “நான் அவனைத் தேத்தறீங்கன்னு நினைச்சேன்,” என்றார் அவர். அந்த ஒரு வரியை அடித்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

“இது அவன் எழுதலன்னு நிரூபிக்கல, எழுதினான்னும் நிரூபிக்கல,” என்றார். “ஒத்துக்கிட்டான்னு மட்டும் இனிமே சொல்ல முடியாது. புதன்கிழமை வைவா. பையன் பேசியாகணும். வாயால.”

யாவோர் பேசியாகணும். கேட்டதும் எனக்குத்தான் வேர்த்தது.

வெளியே வந்ததும் கான்ச்சேவா மிஸ் என் தோளில் கை வைத்தார். “ஆய்வு நாள்… தெரியும்ல?”

“தெரியும் மிஸ்.”

கழிப்பறைக்குப் போய் அழுதேன். எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 15

அவன் அப்பா வந்தார், பெட்டியை எடுத்துக்கொள்ளாமல் திரும்பிப் போனார். எனக்கு ஒரு பாட்டில் தேன்.

மார்ச் 19, புதன்

வைவா இரண்டு மணிக்கு. நானும் தாம்தாவும் கதவுக்கு வெளியே, ஷூ நாடாவைக் கட்டுகிற பாவனையில். இருபது நிமிஷம் என்று போட்டிருந்தது. முதல் நான்கு நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. தாம்தா என் கையை நசுக்கினாள். “பேசுடா, பேசுடா, பேசித் தொலைடா” என்று நான் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என்னவோ ஒரு ஓசை. முனகலா? இல்லை, அவன் ரீங்காரம் செய்கிறான்! தேனீப் பெட்டி சாதாரண நாளில் எப்படி ஒலிக்கும், கூட்டம் பிரிய ஆறு நாள் இருக்கும்போது எப்படி ஏறும் என்று வாயை மூடிக்கொண்டு செய்து காட்டுகிறான். அதன் பிறகு பேச்சு. இங்கிலீஷ்தான். தடுமாறுகிறது, நிற்கிறது, திரும்பப் போய்ச் சரியான வார்த்தையை எடுத்துக்கொண்டு வருகிறது. பதினைந்தாம் பக்கம் முழுக்க வந்தது, தாளில் இல்லாததும் வந்தது. பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கதவு திறந்தபோது மூன்று மணி. மன்ரோ சார் என்னைப் பார்த்து, “நாற்பது நிமிஷத்துக்கு மேல பேசினான். நிறுத்தறதுக்கு எனக்கு வழி தெரியல,” என்றார். தாம்தா அங்கேயே குதித்தாள்.

அவன்மேல் நான் ஒரு நாள் சந்தேகப்பட்டேன். அதை மறக்காமல் இருக்க வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 21

யாவோரின் கட்டுரைக்கு ஆறு. இங்கே ஆறுக்குமேல் கிடையாது.

மார்ச் 27

கீழே ஆற்றங்கரையில் முதல் நாரை. மன்ரோ சார் மூன்று நூலையும் அவிழ்த்துப் பிளம் மரத்தில் கட்டினார். விசாரணை அறைச் சுவரில் இரண்டு மொழியிலும் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: தலையசைவைப் பதிலாக எழுதக் கூடாது, வாய்ச்சொல் மட்டுமே.

ஏப்ரல் 10, வியாழன்

ஆய்வு நாள். சூரிய அடுப்பு செய்த ஸ்கோப்யேக்காரப் பையனுக்கு முதலிடம். அடுப்பில் முட்டை வெந்தது, எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பொறாமையாக இருக்கிறது. அந்த முட்டையைப் பிடுங்கித் தின்றுவிட்டேன்.

கூட்டத்தில் மன்ரோ சார் ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே சம்மதக் கடிதங்கள். அவருடையது, கான்ச்சேவா மிஸ்ஸுடையது, ஸ்தான்கா அம்மாவுடையது (பெயருக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வரைந்திருக்கிறார்). “அடுத்த வருஷம் முதல்லயே வாங்கிக்க,” என்றார். “அப்புறம், என் பக்கத்துல பதினாறாவது குறிப்பு தப்பு. அன்னிக்கு நான் ஆமான்னு ஆட்டல. கழுத்துல எறும்பு.”

மே 24, சனி

எங்கள் மொழி எழுத்துகளின் திருநாள். வாசல் வளைவு முழுக்கப் பூமாலை, கீழே நகரத்தில் வாத்தியக்குழு, ஒவ்வொருவர் கையிலும் ஒரு எழுத்து. எனக்கு ‘Ж’ என்கிற அந்தப் பூச்சி மாதிரி எழுத்து, தாம்தாவுக்குக் கடைசி எழுத்து. பரீட்சை முடிந்துவிட்டது. வெயில்.

ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் யாவோர் வந்தான். அவன் சட்டைப்பையில் ஒரு வெள்ளைப் பூ, அதன்மேல் ஒரு தேனீ, அவன் கண்டுகொள்ளவில்லை. நான் எதுவும் கேட்காமலே, அவனாக என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினான்: “ஜூன் முதல் வாரம் ரெண்டாவது பெட்டில கூட்டம் பிரியும். சத்தம் ஏற ஆரம்பிச்சிடுச்சுன்னு அப்பா சொன்னாரு. நீ வந்து கேக்கறியா?”

எவ்வளவு சந்தோஷம்! பேச்சே வரவில்லை எனக்கு — எனக்கு! தலையை நன்றாக ஆட்டினேன்.

அவன் முகம் சுருங்கியது. “சரி. பரவால்ல,” என்றான். திரும்பிப் படியிறங்கினான்.

இவனுக்கு என்ன வந்தது என்று நான் மலைத்துப்போய் நின்றேன். தாம்தா என் விலாவில் குத்தினாள்.

“ஏன்டி வரமாட்டேன்னுட்ட? பாவம்டி அவன்.”

“நான் எங்கடி அப்படிச் சொன்னேன்?”

“அவன் பல்கேரியன்லதானே கேட்டான்? நீ மேல கீழ ஆட்டின. நான் பாத்தேனே.”

ஐயோ.

கையில் எழுத்தோடு படிகளில் ஓடினேன். வாத்தியக்குழுவுக்கும் மேலே கத்தினேன். “யாவோர்! டேய்! நில்லுடா! வர்றேன்! வர்றேன்னுதான்டா ஆட்டினேன்!” ஊர்வலம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மன்ரோ சார் ‘வாயால், வாயால்’ என்று தன் உதட்டைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். யாவோர் கீழ்ப்படியில் நின்று நிமிர்ந்து பார்த்தான். தலையை மெல்லப் பக்கவாட்டில் ஆட்டினான்.

சற்றுமுன் அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். நாற்பத்து நான்காவது ஆளுக்கான பக்கம் இதுவரை காலி. மேலே என் பெயரை எழுதினேன். கேட்ட மொழி: பல்கேரியன். முந்தைய பேச்சு: பல்கேரியன். தலை: மேலும் கீழும். கடைசிக் கட்டத்தில் கை என்று அச்சடித்த மாதிரி எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டுக் கால் என்று திருத்தினேன். அதன் பிறகு கால் என்ன செய்தது: ஓடியது.